ஏரிக்குத் திரும்பிய சிப்பிகள்

சூளகிரியில் உட்கார்ந்துகொண்டு சிப்பியைப் பற்றி எழுத வந்துவிட்டாளே இவள் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், பரவாயில்லை. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் இருக்கிற எங்களுக்குத் தக்காளி தெரியும், கொத்தமல்லிக் கட்டு தெரியும், சிப்காட் பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று தெரியும். கடல் என்ன தெரியும்? கல்யாணமான புதிதில் கன்னியாகுமரி போய்ப் பார்த்ததோடு சரி. சிப்பி என்றால் எனக்கு இரண்டே விஷயம்தான். ஒன்று, பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஊறப்போடும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. இன்னொன்று, அத்தையின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பு டப்பா.

அப்படிப்பட்ட என் வீட்டுப் பின்கட்டில் 2021-ஆம் வருஷம் ஆயிரத்துச் சொச்சம் சிப்பிகள் வந்து சேர்ந்தன. வந்த கதையைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

கொரோனா சமயத்தில் என் கொழுந்தனுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை போய்விட்டது. இரண்டு சின்னக் குழந்தைகள், வாடகை வீடு. செல்போனில் ஒரு விளம்பரம் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "அண்ணி, வீட்டுத் தொட்டியிலேயே முத்து வளர்க்கலாமாம். சிப்பியும் அவங்களே தர்றாங்க, முத்தையும் அவங்களே திரும்ப வாங்கிக்கிறாங்க. ஒரு வருஷத்துல போட்டது மூணு மடங்கு" என்றார். இவர் "யோசிச்சு செய்டா" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். நான்தான் யோசிக்காமல் என் சீட்டுப் பணம் அறுபதாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். மகளுக்கு வளையல் பண்ணச் சேர்த்து வைத்த பணம்.

இரண்டு நாள் பயிற்சி, சட்டம் போட்ட ஒரு சர்டிபிகேட், சாக்கு மூட்டையில் சிப்பி. வந்து இறங்கிய பத்தே நாளில் பாதி வாய் பிளந்துவிட்டன. அந்த நாற்றம் இருக்கிறதே, தெருவே மூக்கைப் பிடித்தது. போன் செய்தால், "உங்க ஊர் ஏரியிலேயே நிறைய இருக்குமே, பிடிச்சுப் போட்டுக்கோங்க" என்று பதில். கொழுந்தனும் தெருப் பையன்களும் ஏரியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் காலால் துழாவித் துழாவி, கையில் அகப்பட்டதையெல்லாம் சாக்கில் வாரிக்கொண்டு வந்தார்கள். நான்கு நாள் இப்படி. பெரிசு, சின்னது என்று ஒன்றையும் விடவில்லை. அடுத்த கோடைக்குள் அந்த நம்பர் 'ஸ்விட்ச் ஆஃப்' ஆகிவிட்டது. முத்தும் இல்லை, பணமும் இல்லை. தொட்டியில் சுமார் நானூறு சிப்பிகள் மட்டும் உயிரோடு இருந்தன.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நன்னீர்ச் சிப்பியில் முத்து வளர்ப்பது பொய்யான தொழில் இல்லை. புவனேஸ்வரம் பக்கத்தில் கௌசல்யகங்காவில் இருக்கிற மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார், நம் ஏரி குளங்களில் கிடைக்கிற அதே சிப்பியில் முத்து விளைவித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சிப்பிக்குள் கரு வைப்பது ஒரு ஆபரேஷன் மாதிரி. கை பழக வேண்டும். அதன் பிறகு ஒரு வருஷமோ அதற்கு மேலோ தண்ணீரின் குணம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியும் பாதிக்குப் பாதி போகலாம். "நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று யாராவது முன்பணம் கேட்டால், சகோதரிகளே, கதவைச் சாத்துங்கள். முத்து பார்க்க ஆசைப்பட்டு நான் பட்டது போதும்.

நான் பின்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது சுவர் ஓரமாக எட்டிப் பார்த்தவள் அடுத்த வீட்டுப் பெண். கொல்லம் பக்கத்துக்காரி. அவள் கணவருக்கு இங்கே கம்பெனி வேலை. தெருவில் எல்லாரும் அவளைச் சேச்சி என்றுதான் கூப்பிடுகிறோம், வயதில் என்னைவிட இளையவளாக இருந்தாலும். பணம் போன கதையை முழுசாகக் கேட்டாள். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், "அக்கா, ஏரியில குஞ்சு ஏதாச்சும் விட்டு வச்சாங்களா?" என்றாள்.

எனக்குப் புரியவே இல்லை. என் அறுபதாயிரம் போன துக்கத்தில் நான் இருக்கிறேன், இவள் ஏரியில் இருக்கிற சிப்பிக் குஞ்சைக் கேட்கிறாளே என்று கோபம்கூட வந்தது. "எங்க அம்மா கக்கா வாரிப் பிழைக்கிறவங்க அக்கா. எங்க ஊர்ல முதல்ல அதைத்தான் கேப்பாங்க" என்றாள். கக்கா என்றால் அவர்கள் பாஷையில் மட்டி.

2022 மே மாதம் லீவுக்கு ஊருக்குப் போனபோது என்னையும் என் மகனையும் கூட்டிக்கொண்டு போனாள். சேலம் வரை பஸ், அங்கிருந்து ரயில். கொல்லத்தில் இறங்கி, பஸ்ஸில் போய், பிறகு படகில் அக்கரை. அஷ்டமுடிக் காயல் என்று பெயர். கேரளத்தில் வேம்பநாட்டுக்கு அடுத்த பெரிய காயல் இதுதான். எட்டுக் கிளையாகப் பிரிந்து கிடப்பதால் எட்டு முடி, அஷ்டமுடி. நீண்டகரை அருகே கடலோடு சேர்கிறது. அந்த வாய்ப்பக்கத்து உப்புத் தண்ணீரில்தான் மஞ்சள் கால் உள்ள மட்டி விளைகிறது.

சேச்சியின் அம்மா வீடு கரையிலேயே இருந்தது. அறுபதைத் தாண்டிய அம்மா. போன அன்றே அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். நமக்கு வேறெங்கே உட்காரத் தெரியும்? விடியற்காலையில் ஆண்கள் வள்ளத்தில் போய், நீளக் கழியின் நுனியில் வலை கட்டிய வாரியால் அடிமண்ணை வாரி மட்டி கொண்டுவருகிறார்கள். மூச்சடக்கி முங்கி எடுப்பவர்களும் உண்டு. கரைக்கு வந்த பிறகு எல்லாம் பெண்கள் பாடு. கழுவி, பெரிய பாத்திரத்தில் கொட்டி, மட்டை விறகு வைத்து வேகவிட்டால், சிப்பிகள் பட்பட்டென்று வாய் திறக்கும். அதைச் சல்லடையில் போட்டு ஆட்டினால் சதை தனியாக, ஓடு தனியாக விழும். சதை கம்பெனிக்குப் போகும், அங்கிருந்து வெளிநாட்டுக்கு. ஓடு சுண்ணாம்புக்குப் போகும். என் அத்தையின் டப்பாவில் இருக்கிற சுண்ணாம்பு எந்த அம்மாவின் அடுப்பிலிருந்து புறப்பட்டதோ என்று அன்று நினைத்துக்கொண்டேன். அம்மாவின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன். நம் ஊரில் களத்துமேட்டு வேலை செய்கிறவர்கள் கையைவிடக் கரடு.

அந்த அம்மா சொன்னதையும், சேச்சி படித்துச் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன், கேளுங்கள்.

1981 வாக்கில்தான் இந்த மட்டிச் சதைக்கு வெளிநாட்டுக் கிராக்கி வந்ததாம். வியட்நாம், தாய்லாந்து, மலேசியா என்று வாங்க ஆரம்பித்தார்கள். காயலைச் சுற்றி எல்லாரும் இறங்கிவிட்டார்கள். 1991-ல் வருஷத்துக்குப் பத்தாயிரம் டன் வரை எடுத்தார்கள். இரண்டே வருஷம். 1993-ல் பாதியாக விழுந்துவிட்டது. எங்கள் ஏரியில் நான்கு நாளில் நடந்தது அங்கே பன்னிரண்டு வருஷத்தில் நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வந்து பார்த்தார்கள். மட்டி ஆணும் பெண்ணும் தனித்தனி. இரண்டும் தண்ணீரிலேயே வித்தையும் முட்டையையும் விட்டுவிடும். அதில் உண்டாகிற கண்ணுக்குத் தெரியாத குஞ்சு கொஞ்ச நாள் மிதந்து திரிந்து, ஓடு கனத்தவுடன் அடிமண்ணில் இறங்கும். அஷ்டமுடியில் இது நடப்பது டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஆகவே அந்த மூன்று மாதம் வாரக் கூடாது என்று ஏற்பாடாயிற்று. வலைக் கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, சின்னது தானாகக் கீழே விழுந்துவிட வேண்டும். மூன்றாவது விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்றுமதிக்குப் போகிற சதையில் ஒரு கிலோவுக்கு 1400-க்கு மேல் எண்ணிக்கை இருக்கக் கூடாது. கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்பது காய்கறி வாங்குகிற நமக்குத் தெரியாதா? எண்ணிக்கை ஏறினால் பொடிசு என்று அர்த்தம். காயலில் போய் போலீஸ் நிற்க வேண்டாம், தராசுத் தட்டிலேயே திருட்டு பிடிபட்டுவிடும்!

"மூணு மாசம் அடுப்பு எரியாம எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்று கேட்டேன். "முதல் வருஷம் கம்மலை அடகு வச்சோம். சண்டை போட்டோம். ராத்திரியில திருட்டுத்தனமா வாரினவங்களும் உண்டு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "கோழி அடைகாக்கிறப்ப எடுத்துக் குழம்பு வைப்பியா நீ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மெல்ல மெல்ல மட்டி திரும்பி வந்தது. 2014-ல் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்ற உலக அமைப்பு, ஒழுங்காக நடக்கும் மீன்பிடிப்பு என்று அஷ்டமுடி மட்டிக்குச் சான்று கொடுத்தது. இந்தியாவில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு இதுதான். எந்தப் பெரிய டிராலர் படகுக்கும் கிடைக்காதது, வள்ளத்தில் போகிறவனுக்கும் அடுப்படியில் உட்கார்ந்த அம்மாவுக்கும் கிடைத்தது. எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நான் போன அன்று அம்மாவின் பாத்திரத்தில் கால்வாசிகூட மட்டி இல்லை. கொஞ்ச வருஷமாகவே இப்படித்தான் என்றார். அடிமண்ணிலும் கட்டைகளிலும் கறுப்பாக ஒரு பொடிச் சிப்பி கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டிருந்தது. தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பியாம். இங்கே அடையாளம் கண்டு சொன்னதே கொஞ்ச வருஷம் முன்னால்தான். கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டோ, கப்பல் தண்ணீரோடோ வந்திருக்கும் என்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு 'வரத்தன் கக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வரத்தன் என்றால் வந்தேறி, வெளியூர்க்காரன். அது பரவின இடத்தில் மட்டிக்கு உட்கார இடமில்லை. போதாக்குறைக்கு நகரத்துக் கழிவு வேறு. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஊருக்கு இப்படி ஒரு சோதனை. மூன்று மாதம் கம்மலை அடகு வைத்தது எதற்கு என்று அந்த அம்மா கேட்டால், யார் பதில் சொல்வது?

மறுநாள் வேறொரு வீட்டில் முரிங்ஙா எடுக்கிறார்கள் என்று கூட்டிப்போனாள். இது மட்டி இல்லை, பாறையில் ஒட்டி வளர்கிற கனத்த சிப்பி. தூத்துக்குடிப் பக்கம் ஆளி என்பார்கள். இதை அங்கே பெண்கள் குழுவாகச் சேர்ந்து வளர்க்கிறார்கள். முறையைக் கேட்டால் 'இவ்வளவுதானா!' என்று தோன்றும். பழைய ஆளி ஓடுகளில் ஓட்டை போட்டு, நைலான் கயிற்றில் ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி விட்டு, ஐந்தாறு ஓடு கோக்கிறார்கள். பார்க்க ராட்சசப் பூச்சரம் மாதிரி இருக்கிறது. இதற்கு 'ரென்' என்று பெயர். காயலில் கழிகளை நட்டுப் பந்தல் கட்டி, நவம்பர் டிசம்பரில் குஞ்சு மிதக்கிற சமயம் பார்த்துச் சரங்களைத் தொங்கவிடுகிறார்கள். ஆளிக் குஞ்சுக்குப் பிடித்த இடம் ஆளி ஓடுதான். வந்து ஒட்டிக்கொண்டால் அப்புறம் ஆயுசுக்கும் அதே இடம். தீனி போட வேண்டாம், மருந்து போட வேண்டாம், தண்ணீரில் வருவதை வடிகட்டித் தின்று தானே வளரும். மே மாதம், பெருமழைக்கு முன்னால், சரத்தோடு எடுத்துவிட வேண்டும். மழைத் தண்ணீர் வந்து உப்புக் குறைந்தால் போச்சு. பந்தலுக்குக் கழி, கயிறு, ஓடு - செலவு இவ்வளவுதான். நம் பால் சொசைட்டி மாதிரி கணக்கு நோட்டு வைத்திருந்தார்கள்.

இந்த வித்தையை நம் நாட்டில் முறையாகப் பழக்கியது எங்கே தெரியுமா? நம் தூத்துக்குடியில்தான்! அதே ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களிலேயே அங்கே ஆளி வளர்த்துக் காட்டினார்கள். அதற்கும் முன்னால், 1910 வாக்கிலேயே ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்காரர் பழவேற்காட்டு ஏரியில் முயன்றிருக்கிறார். நூறு வருஷமாகியும் நம் பக்கத்தில் அது ஊன்றவில்லை, அக்கரைக்காரர்கள் கற்றுக்கொண்டு பிழைக்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். நமக்குச் சிப்பி என்றால் முத்துதான். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு 1961-க்குப் பிறகு நின்றே போயிற்று. பாரில் சிப்பி இல்லை. 1973-ல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் முதன்முதலாகச் செயற்கை முறையில் முத்து விளைவித்தபோது நாடே கொண்டாடியது. 1981-ல் முத்துச் சிப்பிக் குஞ்சையே பொரிப்பகத்தில் உண்டாக்கினார்கள். அவற்றைக் கொண்டுபோய்க் கடலில் விட்டும் பார்த்தார்கள். எல்லாம் பெரிய காரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முத்தைப் பார்த்து மயங்கின கண்ணுக்குச் சோறு போடுகிற சிப்பி தெரியவில்லை. நானே அப்படி மயங்கினவள் ஆனதால், உரிமையோடு சொல்கிறேன்.

அன்று மத்தியானம் கக்கா வறுவல். தேங்காய்த் துண்டு, மிளகு, கறிவேப்பிலை போட்டுப் பிரமாதமாக இருந்தது. என் மகன் நாலு வாய் சாப்பிட்டான். கால் மணியில் உதடு தடித்து, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. படகில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டபின் சரியாயிற்று. அந்தப் படகு ஓடின நேரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவனுக்கு இறால் சாப்பிட்டால் லேசாக அரிப்பு வரும் என்பது எனக்கு முன்னமே தெரியும். அதைப் பெரிதாக எடுக்காதது என் தப்பு. இறாலோ நண்டோ ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு, டாக்டரைக் கேட்காமல் எந்தச் சிப்பியும் கொடுக்காதீர்கள்.

ஒத்துக்கொள்கிறவர்களுக்கு நல்ல ஆகாரம்தான். மட்டியில் இரும்புச் சத்தும் பி-12 வைட்டமினும் உண்டு, ஆளியில் துத்தநாகச் சத்து ஏராளம். ஆனால் சிப்பி என்பது ஒரு வடிகட்டி. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது சிப்பிக்குள்ளும் இருக்கும். அதனால்தான் எடுத்த ஆளியைச் சுத்தமான ஓடும் நீரில் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் வைத்து, வயிற்று அழுக்கைக் கழித்த பிறகே விற்க வேண்டும் என்கிறார்கள். வாங்கும்போது ஓடு மூடியிருக்க வேண்டும், அல்லது தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும். வெந்த பிறகும் திறக்காததை வீசிவிடுங்கள். பச்சையாகச் சாப்பிடுவது பெரிய ஹோட்டல் நாகரிகம், கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. இன்னொன்று முக்கியம். சில சமயம் கடலில் ஒருவகை நுண்பாசி பெருகித் தண்ணீர் நிறம் மாறும். அந்த நேரத்துச் சிப்பியில் சேருகிற விஷம் வேகவைத்தாலும் போகாது. 1981-ல் நம் கல்பாக்கம் பக்கத்து வாயலூரில் மட்டி சாப்பிட்ட மூன்று பேர் இறந்தார்கள், எண்பத்தைந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 1997-ல் விழிஞ்ஞத்திலும் கல்லும்மக்காய் சாப்பிட்டு உயிர்கள் போயின. மீன்வளத் துறையார் 'இப்போது வேண்டாம்' என்றால், வேண்டாம்தான்.

வடிகட்டி என்றேன் அல்லவா, அதிலேதான் இன்னொரு அதிசயம். நன்றாக வளர்ந்த ஒரே ஒரு ஆளி, நிலைமை சரியாக இருந்தால், ஒரு நாளைக்கு 190 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டிவிடும். எங்கள் வீட்டு டிரம் இருநூறு லிட்டர்! அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவில் ஆளியை வாரித் தின்று தின்று, பழைய எண்ணிக்கையில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது என்கிறார்கள். தண்ணீரும் கலங்கிவிட்டது. இப்போது கோடிக்கணக்கில் குஞ்சு விட்டு ஆளிப் பார்களைத் திரும்பக் கட்டுகிறார்கள். நியூயார்க் துறைமுகத்தில் 2014 முதல் ஹோட்டல்களில் மிஞ்சுகிற ஓட்டைச் சேகரித்து, பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, 2035-க்குள் நூறு கோடி ஆளி என்று கிளம்பியிருக்கிறார்கள். அங்கே அவற்றைச் சாப்பிட இல்லை, தண்ணீர் தெளியவும் மற்ற ஜீவன்கள் ஒண்டவும்தான்.

வேம்பநாட்டுக் காயலில் கறுப்புக் கக்கா பற்றியும் சேச்சி சொன்னாள். உப்பு வராமல் நெல்லைக் காக்க 1970-களில் கட்டிய தண்ணீர்முக்கம் பண்டை அடைத்தால், உள்பக்கம் மட்டி சரியாக இனம் பெருகாது. ஆகவே குஞ்சு நெருக்கமாகக் கிடக்கிற இடத்திலிருந்து வாரி, முகம்மா பக்கம் வேறு இடத்தில் விதைத்து வளர்க்கிறார்கள். நாற்று பிடுங்கி நடுகிற மாதிரி.

நாற்று நடுவது என்ற அந்த வார்த்தை ரயிலில் வரும்போதெல்லாம் என் காதில் ஒலித்தது. பின்கட்டுத் தொட்டியில் நானூறு சிப்பி இருக்கிறதே!

ஊர் வந்ததும் கொழுந்தனிடம் சொன்னேன். "இன்னும் அந்தச் சனியனை விடலையா அண்ணி?" என்றார் பாவம். அவருக்கு அந்தப் பின்கட்டுப் பக்கம் வரவே கூச்சம். எனக்குத் தெரிந்த ஒரு விலங்கியல் ஆசிரியையைக் கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் புது விஷயம். ஏரிச் சிப்பியின் வாழ்க்கை கடல் மட்டி மாதிரி இல்லையாம். தாய்ச் சிப்பி தன் செவுளுக்குள்ளேயே முட்டையை அடைகாக்கும். வெளியே விட்ட குஞ்சு ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ கவ்விக்கொண்டு சில நாள் ஒட்டியிருந்தால்தான் சிப்பியாக மாறும். மீனுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. "மீன் இல்லாத தண்ணியில விட்டீங்கன்னா, கிழவனும் கிழவியுமா இருந்து சாகும், வம்சம் வராது" என்றார். தாய் வீட்டை விட்டு மீன் முதுகில் ஏறிப் போய் இன்னொரு இடத்தில் குடித்தனம் வைக்கிற பிறவி. எனக்குச் சிரிப்பும் வந்தது, பெண்ணாய்ப் பிறந்ததால் கொஞ்சம் வேறென்னவோவும் வந்தது.

நல்லவேளை, எங்கள் ஏரியில் மீன் உண்டு. ஓசூரில் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணைத் தண்ணீர் மலை மலையாக நுரைத்து ஓடுவதை நீங்களும் படத்தில் பார்த்திருப்பீர்கள். பெங்களூர்ப் பக்கத்துக் கழிவோடு வருகிற தண்ணீர் அது. எங்கள் ஏரிக்கு அந்த ஆற்றுத் தண்ணீர் வராது, மழைத் தண்ணீர்தான். அப்படியும் சுற்றிலும் கம்பெனிகள் இருக்கிற இடத்தில் எந்த ஏரிச் சிப்பியையும் சாப்பிடக் கூடாது என்றார் ஆசிரியை. ஈயம், காட்மியம் என்று என்னென்னவோ சதையில் சேருமாம். எங்களுக்குச் சாப்பிடுகிற பழக்கம் இல்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் ஏழைகள் அவித்துத் தின்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். யாராவது எடுத்தால் சொல்லி நிறுத்த வேண்டும்.

2022 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஊர் பார்க்கிறதுக்கு முன்னால், நானும் சேச்சியும் பிள்ளைகளுமாகப் பிளாஸ்டிக் கூடைகளில் ஈரச் சாக்குப் போட்டு எடுத்துப் போனோம். கடைசியில் கொழுந்தனும் வந்துவிட்டார். எந்த இடத்தில் மண் மெத்தென்று இருக்கும், எந்த இடத்தில் முன்பு அதிகம் கிடைத்தது என்று அவருக்குத்தானே தெரியும்! அவரே இறங்கி ஒவ்வொன்றாகப் பாதி புதைத்து வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது மட்டும், "அண்ணி, உங்க பணத்தை மாசாமாசம் கொடுத்துடறேன்" என்றார். இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார், பாதிக்கு மேல் கொடுத்தும்விட்டார்.

2024-ன் தொடக்கத்தில் சேச்சி ஒரு செய்தியைக் காட்டினாள். விழிஞ்ஞத்தில் பொரிப்பகத்தில் வளர்த்த மஞ்சள் மட்டிக் குஞ்சு முப்பது லட்சத்தை அஷ்டமுடியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அம்மாவோடு போனில் பேசினோம். "விட்டிருக்காங்க. வரத்தன் விட்டு வச்சா வளரும். பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நிறையப் பார்த்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது.

போன வருஷம், 2025 கோடையில், ஏரித் தண்ணீர் உள்வாங்கியபோது கொழுந்தனின் சின்னப் பையன் ஓடி வந்து கையை விரித்துக் காட்டினான். என் கட்டைவிரல் நகத்தளவு ஒரு சிப்பி. நாங்கள் விட்டது எல்லாம் உள்ளங்கை நீளம். இது அதுகள் இல்லை. அன்று சாயங்காலம் நாங்கள் எல்லாரும் போய்க் குனிந்து தேடினோம். பதினொன்று கிடைத்தன. எண்ணிவிட்டு, எடுத்த இடத்திலேயே தண்ணீர் இருக்கிற பக்கமாகத் தள்ளி வைத்தோம்.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மலையாளத்தில் படபடவென்று ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, சேச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். என்னவென்று கேட்டால், "ராத்திரியில யாராச்சும் வார வராங்களான்னு பாத்துக்கச் சொல்றாங்க அக்கா" என்றாள்.